எடை இயந்திரமா, இன்ச் டேப்பா: உடற்பருமனை எதைக் கொண்டு முடிவு செய்வது?

கடந்த ஆண்டு அலுவலகத்தில் ஏற்பாடு செய்த முழு உடல் பரிசோதனையின் அறிக்கை கைக்கு வந்தபோது, அதன் முதல் பக்கத்தில் உயரம் 170 செ.மீ., எடை 65 கிலோ, உடல் நிறைக் குறியீடு 22.5 என்று அச்சிட்டு, எதிரே பச்சை எழுத்தில் 'இயல்பு' என்று போட்டிருந்தார்கள். நான்காம் பக்கத்தில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.1 என்றும் இரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 214 என்றும் சிவப்பு எழுத்தில் இருந்தது. எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரை இருப்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. உடல் ஒன்றுதான், முதல் பக்கம் அதைப் பாராட்டுகிறது, நான்காம் பக்கம் எச்சரிக்கிறது. வீட்டுக்கு வந்து, தையல் பெட்டியில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றிப் பார்த்தேன். 94 செ.மீ. வந்தது. அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இல்லாத அந்த எண்தான் இரண்டு பக்கங்களும் ஏன் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதை எனக்குச் சொன்னது.

ஒருவருக்கு உடற்பருமன் இருக்கிறதா, இருந்தால் அதற்கு என்ன செய்வது என்று முடிவெடுக்க இன்று கைக்கு எட்டும் வழிகள் பல உள்ளன. எடையையும் உயரத்தையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு, அதாவது எல்லோர் வாயிலும் புழங்கும் பி.எம்.ஐ., அவற்றுள் பழையது. இடுப்புச் சுற்றளவு, இடுப்பை உயரத்தால் வகுத்து வரும் விகிதம், இடுப்பைப் பிட்டச் சுற்றளவால் வகுத்து வரும் விகிதம் ஆகிய மூன்றும் டேப்பை நம்பியவை. உடற்பயிற்சிக் கூடங்களில் நிற்க வைத்துக் கொழுப்பு விழுக்காட்டைச் சொல்லும் இயந்திரமும், பெரிய மருத்துவமனைகளில் எக்ஸ் கதிரால் உடல் கொழுப்பை அளக்கும் டெக்சா ஸ்கேனும் செலவு பிடிப்பவை. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது என்பது என் எண்ணம். எந்த முடிவுக்காக அளக்கிறோம் என்று முதலில் சொன்னால்தான், எதை எடுப்பது என்று சொல்ல முடியும்.

பி.எம்.ஐ. கணக்கு எளியது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும், 65ஐ 1.70இன் வர்க்கமான 2.89ஆல் வகுத்தால் 22.5. இந்த வாய்பாட்டைக் கண்டவர் மருத்துவர் அல்லர். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெத்தலே வானியலையும் புள்ளியியலையும் தொழிலாகக் கொண்டவர்; வளர்ந்த மனிதர்களின் எடை, உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்பதை 1830களில் அவர் கவனித்தார். அவர் தேடியது நோயாளியை அன்று, ஒரு மக்கள் கூட்டத்தின் 'சராசரி மனிதனை'. அதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் நெருங்கும் வேளையில், 1972இல், அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை ஒப்பிட்டு, அப்போது புழக்கத்தில் இருந்த வாய்பாடுகளில் இதுவே மோசமில்லை என்று கண்டு, இன்றைய பெயரை இதற்குச் சூட்டினார்கள். அந்த ஐந்து நாடுகளில் இந்தியா இல்லை. அளக்கப்பட்டவர்களில் பெண்களும் இல்லை. பிறப்பின் கதையைச் சொல்லி ஒரு கருவியைத் தள்ளிவிட முடியாது என்றாலும், கூட்டத்தை எடைபோடப் பிறந்த எண் தனி மனிதரின் அறிக்கையில் பச்சை எழுத்தாக வந்து உட்காரும்போது இந்தக் கதையை நினைவில் வைத்திருப்பது நல்லது.

கூட்டத்துக்கு அது நன்றாகவே பயன்படுகிறது. எடை இயந்திரமும் சுவரில் ஒட்டிய அளவுகோலும் இருந்தால் போதும், ஒரு மாநிலத்தையே அளந்துவிடலாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 37 விழுக்காட்டினருக்கும் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல் இருப்பதாகச் சொன்னது. இந்திய அளவில் அவ்விரண்டும் முறையே 24, 22.9. தமிழ்நாடு எங்கே நிற்கிறது என்பதைக் காட்ட இதைவிட மலிவான, நேர்மையான எண் கிடைக்காது. நூறு பேரில் சிலரைத் தவறாகக் கணித்தாலும் சராசரி பெரிதாக நகராது. அந்தச் சிலரில் ஒருவராக நாம் இருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

சிக்கலின் வேர் எளிதில் புரியக் கூடியது. எடை இயந்திரத்துக்குத் தசை எது, எலும்பு எது, நீர் எது, கொழுப்பு எது என்று தெரியாது. கொழுப்பு தொடையில் இருக்கிறதா, குடலைச் சுற்றி இருக்கிறதா என்பதும் தெரியாது. பல ஆய்வுகளைத் திரட்டி 2010இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, உடலில் கூடுதல் கொழுப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரைப் பி.எம்.ஐ. கண்டுபிடிக்காமல் விட்டுவிடுகிறது என்று காட்டியது. அதே பகுப்பாய்வில், கூடுதல் கொழுப்பு இல்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேரை அது சரியாகவே விலக்கியிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் நடைமுறைக்கு உதவும் ஒரு செய்தி கிடைக்கிறது. பி.எம்.ஐ. உயர்ந்து நின்றால் அதைப் பொதுவாக நம்பலாம். நாளெல்லாம் பளு தூக்கும் சிலரைத் தவிர மற்றவர்கள் 'எனக்கு எலும்பு கனம்' என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் பி.எம்.ஐ. இயல்பு என்று வந்தால் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பச்சை எழுத்தைவிடச் சிவப்பு எழுத்துக்குத்தான் இந்தக் கருவியில் மதிப்பு அதிகம்.

இந்தியர்களைப் பொறுத்தவரை இந்தப் பொய்யான பச்சை எழுத்து எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஒற்றைப் பக்கப் படம் ஒன்றே போதும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. இருவருடைய பி.எம்.ஐ.யும் 22.3. டெக்சா ஸ்கேனில் பார்த்தபோது யுட்கினின் உடல் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் கொழுப்பு 21.2 விழுக்காடு. மெலிந்த தோற்றத்துக்குள் ஒளிந்த கொழுப்பு என்று யாஜ்னிக் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்ததற்கு அவருடைய உடலே சான்றாகிவிட்டது. ஒல்லியான கையும் காலும் முன்தள்ளிய தொப்பையுமாக நம் தெருவில் நடக்கும் நடுத்தர வயது ஆண்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

இதனால்தான் வரம்புகளையே மாற்ற வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பொது வரம்பில் 25 முதல் கூடுதல் எடை, 30 முதல் உடற்பருமன். இந்தியர்களுக்கென்று 2009இல் மருத்துவ வல்லுநர்கள் கூடி எடுத்த முடிவில் 23 முதல் கூடுதல் எடை, 25 முதல் உடற்பருமன். இது நம்மை நாமே மிரட்டிக்கொள்வதற்காகப் போட்ட கணக்கு அன்று. இங்கிலாந்தில் ஏறத்தாழ 15 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வு, வெள்ளையருக்கு 30 என்னும் பி.எம்.ஐ.யில் எவ்வளவு நீரிழிவு அபாயம் இருக்கிறதோ அதே அபாயம் தெற்காசியருக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது என்று கண்டது. ஆகவே கைப்பேசியில் ஏதோ ஒரு செயலியில் எடையையும் உயரத்தையும் தட்டி, 24 என்று வந்து, 'நீங்கள் நலமாக இருக்கிறீர்கள்' என்று அது சிரித்தால், எந்த ஊர் வரம்பை வைத்துச் சிரிக்கிறது என்று பார்க்க வேண்டும். என் அறிக்கையில்கூட 25 வரை இயல்பு என்றுதான் அடிக்குறிப்பு இருந்தது.

எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 58 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உயரத்தை 155 செ.மீ. என்று எழுதினால் பி.எம்.ஐ. 24.1, அளப்பவர் கொண்டையையும் செருப்பையும் கவனிக்காமல் மூன்று செ.மீ. கூட்டி எழுதியிருந்தால், உண்மை உயரமான 152க்கு அது 25.1. இந்திய வரம்பில் முன்னது கூடுதல் எடை, பின்னது உடற்பருமன். உயரம் வர்க்கமாகப் பெருகுவதால் அதில் நேரும் சிறு பிழை எண்ணைக் கணிசமாக அசைத்துவிடும். எடையைக் கிராம் சுத்தமாகக் காட்டும் இயந்திரத்தில் ஏற்றிவிட்டு, உயரத்தை 'எவ்வளவு சார் இருப்பீங்க?' என்று வாயால் கேட்டு எழுதிக்கொள்ளும் வழக்கம் எத்தனையோ இடங்களில் இருக்கிறது.

இனி டேப்பின் பக்கம் வருவோம். கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம் என்ற எண்ணத்திலிருந்து இடுப்பளவு வருகிறது. தோலுக்கு அடியில், தொடையிலும் பிட்டத்திலும் தங்கும் கொழுப்பு ஓரளவுக்குச் சேமிப்புக் கிடங்கு போலச் சும்மா இருக்கும். வயிற்றுக்குள்ளே குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து சேரும் கொழுப்பு அப்படி இருப்பதில்லை; அது வெளியிடும் கொழுப்பமிலங்களில் பெரும்பங்கு நேராகக் கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்து, இன்சுலினின் வேலையைக் கெடுத்து, டிரைகிளிசரைடைக் கூட்டுகிறது. என் நான்காம் பக்கத்தின் சிவப்பு எழுத்துகள் அங்கிருந்துதான் வந்தன என்று மருத்துவர் விளக்கினார். இந்தியர்களுக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது இடுப்பளவின் வரம்பு.

அளப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். இடுப்பளவு என்றவுடன் பேன்ட் அளவைச் சொல்வார்கள். பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவது நம் ஆண்களின் வழக்கம். தொப்பை வளர வளரப் பேன்ட் இறங்குமே தவிர அளவு மாறாது. இருபது ஆண்டுகளாக 34தான் போடுகிறேன் என்று பெருமை பேசுபவரின் வயிறு 40 அங்குலம் இருப்பதில் முரண் ஏதும் இல்லை. பாவாடை நாடா கட்டும் இடமும் அதே போலத்தான், கொழுப்பு இருக்கும் இடமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விலாவின் கடைசி எலும்பைப் பக்கவாட்டில் விரலால் தடவிக் கண்டுபிடித்து, கீழே இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் கண்டு, இரண்டுக்கும் நடுவில் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் படிக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதான் மிச்சம். டேப் தோலை அழுத்தக் கூடாது, தொங்கவும் கூடாது. இரண்டு முறை அளந்து, ஒரு செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் மூன்றாம் முறையும் அளக்கலாம். நான் முதல்நாள் தொப்புளை ஒட்டி அளந்ததுகூட இந்த முறைப்படி சரியன்று. சரியாக அளந்தபோது 93.5 வந்தது. அரை செ.மீ. குறைந்ததில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை.

இடுப்பளவுக்கு ஒரு குறை உண்டு: உயரத்தை அது கண்டுகொள்வதில்லை. 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணின் இடுப்பு 79 என்றால் 80 என்னும் வரம்பு அவரை விட்டுவிடும், 184 செ.மீ. உயரமுள்ள ஆணின் இடுப்பு 91 என்றால் 90 என்னும் வரம்பு அவரைப் பிடித்துக்கொள்ளும். இடுப்பை உயரத்தால் வகுத்தால் முன்னவருக்கு 0.53, பின்னவருக்கு 0.49. இந்த விகிதம் 0.5ஐத் தாண்டக் கூடாது என்பதே இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டு நெறிகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு 2022இல் பி.எம்.ஐ. 35க்குக் கீழே உள்ள பெரியவர்களுக்குச் சொன்ன அறிவுரை. 0.5 முதல் 0.59 வரை அபாயம் கூடுகிறது, 0.6க்கு மேல் மிகுகிறது. ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. இன வேறுபாட்டுக்குத் தனிப் பட்டியலும் வேண்டாம். உயரத்தில் பாதிக்குள் இடுப்பு என்பதை வீட்டில் யாருக்கும் சொல்லிவிடலாம். எண்ணே வேண்டாம் என்றால், உள்ளங்காலிலிருந்து உச்சி வரை ஒரு நூலை அளந்து வெட்டி, இரண்டாக மடித்து, வயிற்றைச் சுற்றிப் பார்த்தால் போதும். நுனிகள் இரண்டும் சேர்ந்தால் நல்லது, சேராவிட்டால் இடைவெளி எவ்வளவோ அவ்வளவு வேலை இருக்கிறது. என் அம்மாவுக்கு நான் இதைச் செய்து காட்டியபோது, பூ கட்டும் நாரிலேயே அளந்து பார்த்துவிட்டார்கள். ஏறத்தாழ நான்கு விரல் இடைவெளி இருந்தது.

எனக்கு இது 0.55. பி.எம்.ஐ. 22.5இல் இருந்த பச்சை, இந்த விகிதத்தில் ஒரே வகுத்தலில் காணாமல் போனது.

இடுப்புக்கும் பிட்டத்துக்கும் உள்ள விகிதத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் ஏறத்தாழ 27,000 பேரிடம் நடந்து 2005இல் வெளிவந்த ஆய்வு, மாரடைப்போடு பி.எம்.ஐ.யைவிட இந்த விகிதமே நெருக்கமாகப் பொருந்துவதைக் காட்டியது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வும் இதை அளந்தது; இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினரும் ஆண்களில் 48 விழுக்காட்டினரும் அபாய எல்லையைத் தாண்டியிருந்தார்கள். அதே ஆய்வு பி.எம்.ஐ. கணக்கில் நான்கில் ஒருவரைக்கூடக் காட்டவில்லை என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கு இது நல்ல அளவு என்பதில் ஐயமில்லை. வீட்டில் ஒருவர் எடையைக் குறைக்கும்போதோ இடுப்பும் பிட்டமும் சேர்ந்தே மெலிவதால், உழைப்பு அவ்வளவும் விகிதத்தில் தெரியாமல் போகும். இரண்டு இடத்தில் அளந்தால் பிழையும் இரண்டு மடங்கு. வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உடற்பயிற்சிக் கூடங்களில் காலுக்குக் கீழே உலோகத் தகடும் கைக்கு இரண்டு பிடிகளுமாக நிற்கும் இயந்திரம் தருகிற அச்சுத்தாள், பார்வைக்கு இவை எல்லாவற்றையும் தோற்கடித்துவிடும். கொழுப்பு விழுக்காடு, தசை எடை, நீர், உள்ளுறுப்புக் கொழுப்பின் தரம், உடலின் 'வயது' என்று பத்துப் பதினைந்து எண்கள் வரிசையாக வரும். உண்மையில் அந்த இயந்திரம் அளப்பது ஒன்றே ஒன்றுதான்: உடல் வழியே செலுத்திய மெல்லிய மின்னோட்டத்துக்கு எவ்வளவு தடை வருகிறது என்பது. தசையில் நீர் அதிகம், மின்சாரம் எளிதாக ஓடும். கொழுப்பில் நீர் குறைவு, தடுக்கும். மற்ற எண்கள் எல்லாம் அந்தத் தடையோடு உயரம், எடை, வயது, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து உள்ளே இருக்கும் சமன்பாடு போடும் மதிப்பீடுகள். ஒரே நாளில் காலை வெறும் வயிற்றில் எனக்கு 27.4 விழுக்காடு என்றும், மாலையில் இரண்டு சொம்புத் தண்ணீருக்குப் பிறகு 25.1 என்றும் அது சொன்னது. பகல் பொழுதில் இரண்டு விழுக்காடு கொழுப்பு கரைந்துவிடுமானால் நாட்டில் யாருக்குமே தொப்பை இருக்காது. ஒரே இயந்திரத்தில், ஒரே நேரத்தில், வெறும் வயிற்றோடு மாதம் ஒருமுறை நின்று, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும் அது பயன்படும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதில் ஏறவே கூடாது. பல இடங்களில் இதை யாரும் கேட்பதில்லை.

டெக்சா ஸ்கேன் இரண்டு வேறு ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்களைச் செலுத்தி எலும்பு, கொழுப்பு, மற்ற திசுக்கள் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. கதிர்வீச்சு மிகக் குறைவு. துல்லியத்தில் இதற்கு மேல் எளிதாகக் கிடைக்கும் வழி இல்லை. நம் ஊர்களில் இது பெரும்பாலும் எலும்பு அடர்த்தி பார்க்கவே எழுதிக் கொடுக்கப்படுகிறது. ஆயினும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் இதற்குப் பணம் கட்டக் கூடாது: வரப்போகும் எண்ணால் என் முடிவு மாறுமா? கொழுப்பு 29 விழுக்காடு என்று வந்தாலும் 31 என்று வந்தாலும் இரவு உணவைக் குறைத்து, நடந்து, தசைக்குப் பயிற்சி கொடுக்கத்தான் போகிறோம் என்றால் அந்தப் பணத்துக்கு நல்ல செருப்பு வாங்கலாம்.

மருத்துவ உலகமே இப்போது பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து முத்திரை குத்துவதிலிருந்து விலகி வருகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2023இல் அதன் குறைகளை ஏற்றுக்கொண்டு, பிற அளவுகளோடு சேர்த்துப் பயன்படுத்துமாறு தன் உறுப்பினர்களுக்குச் சொன்னது. 2025 ஜனவரியில் லான்செட் குழு ஒன்று இன்னும் தெளிவாகப் பேசியது: பி.எம்.ஐ. உயர்ந்திருந்தால் இடுப்பளவு போன்ற இன்னோர் அளவைக் கொண்டோ நேரடியாகக் கொழுப்பை அளந்தோ அதை உறுதி செய்ய வேண்டும். 40க்கு மேல் இருந்தால் மட்டும் உறுதி செய்யாமலே கூடுதல் கொழுப்பு உண்டு என்று கொள்ளலாம். அதன் பிறகும், கொழுப்பு மிகுந்திருந்தாலும் உறுப்புகள் நன்றாக இயங்கும் நிலையையும், கொழுப்பால் உறுப்புகளோ அன்றாட வேலையோ கெட்டுப்போன நிலையையும் அக்குழு இரண்டாகப் பிரித்தது. அதே மாதம் இந்திய வல்லுநர்களும் 23க்கு மேற்பட்ட பி.எம்.ஐ.யைத் தொடக்கமாக வைத்து, வயிற்றுக் கொழுப்பும் அதன் விளைவுகளும் சேரும்போது இரண்டாம் நிலை என்று வகுத்தார்கள். இரண்டு வரையறைகளும் பேசுவது ஒன்றைத்தான்: எண் வாசலில் நிற்கிறது, வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் யார் எதை எடுப்பது? 'நான் கவலைப்பட வேண்டுமா' என்பது மட்டும்தான் கேள்வி என்றால், என் தேர்வு முதலில் டேப், பிறகு எடை இயந்திரம். இடுப்பு உயரத்தின் பாதியைத் தாண்டினாலும் சரி, பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலும் சரி, இரண்டில் ஒன்று போதும். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்கப் போய்விட வேண்டும். இரண்டும் முரண்பட்டால் டேப்பின் பக்கம் சாய்வேன். சென்னையில் மருத்துவர் வி. மோகனின் குழு 2005இல் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறையும் இந்தப் பக்கமே சாய்கிறது. வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்ற நான்கு கேள்விகள் மட்டுமே அதில் உண்டு. 100க்கு 60ஐத் தொட்டால் அபாயம் அதிகம். எடை இயந்திரத்துக்கு அதில் வேலையே இல்லை. நாற்பதுகளின் நடுவில் இருக்கும் எனக்கு வயதுக்கு 20, இடுப்புக்கு 10, நாற்காலியிலேயே கழியும் வாழ்க்கைக்கு 30, அப்பாவின் நீரிழிவுக்கு 10 என்று 70 வந்தது. இரத்தம் எடுப்பதற்கு முன்பே, ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டிருக்கக் கூடிய கணக்கு.

மருந்து, அறுவைச் சிகிச்சை, காப்பீடு என்று பணமும் அனுமதியும் தேவைப்படும் முடிவுகளில் நிலைமை தலைகீழ். அங்கே பி.எம்.ஐ.தான் இன்னும் அரசு செய்கிறது. 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த டிர்செபடைடு, செமாகுளூடைடு எடைக் குறைப்பு ஊசிகளுக்கான அனுமதி, பி.எம்.ஐ. 30 அல்லது எடையோடு தொடர்புள்ள நோய் ஒன்றாவது இருந்தால் 27 என்ற எல்லையில் நிற்கிறது. எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்புகள் 2022இல் ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே அச்சிகிச்சையை முன்வைக்கலாம் என்றன. ஆனால் நம் நாட்டுக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதி, பி.எம்.ஐ. 40ஆக, அல்லது கடுமையான இணைநோய்களோடு 35ஆக இருந்தால்தான் அந்தச் செலவு விலக்குப் பட்டியலிலிருந்து வெளியே வரும் என்கிறது. மருத்துவர் சரி என்று சொல்லும் 27.5க்கும் காப்பீட்டு நிறுவனம் காசோலை எழுதும் 35க்கும் இடையில் விழுபவர்கள் கைக்காசைத்தான் போட வேண்டும். இந்தியருக்கு அபாயம் முன்னதாகவே வருகிறது என்று அறிவியல் சொன்ன பிறகும் விதி மேல்நாட்டு வரம்பிலேயே நிற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. எனினும் விண்ணப்பம் எழுதும் நாளில் வாதத்தால் பயனில்லை. அந்தச் சூழலில் இருப்பவர்கள் உயரத்தைச் செருப்பில்லாமல், சுவரோடு நின்று, சரியாக அளந்து எழுதச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன மூன்று செ.மீ. பிழை எல்லைக்கோட்டில் லட்சக்கணக்கான ரூபாய் பெறும்.

எடையைக் குறைக்கத் தொடங்கிவிட்டவர்களுக்கு வாரம் ஒருமுறை எடையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பும் போதும். உடற்பயிற்சியால் தசை கூடிக் கொழுப்பு குறையும் மாதங்களில் எடை அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் பலரும் மனம் வெறுத்து விட்டுவிடுகிறார்கள். டேப் அப்போதும் இறங்கிக்கொண்டிருக்கும்.

பெரியவர்களுக்கான எண்கள் சிலருக்குப் பொருந்தவே பொருந்தா. பிள்ளைகளுக்கு 23, 25 என்ற வரம்பு கிடையாது. வயதையும் பாலினத்தையும் ஒட்டி இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும், அதைக் குழந்தை மருத்துவரே பார்த்துச் சொல்வார். கருவுற்ற பெண்ணின் இடுப்பை அளப்பதில் பொருளில்லை. கருவுறுவதற்கு முன்பிருந்த எடையை வைத்தே பேச வேண்டும். முதியவர்களுக்குக் கூன் விழுந்து உயரம் குறைவதால் பி.எம்.ஐ. வீணாக ஏறும், தசை கரைவதால் வீணாக இறங்கவும் செய்யும். எழுபது வயதில் எடை குறைகிறது என்றால் மகிழ்வதற்கு முன் ஏன் என்று கேட்பது நல்லது.

என் கதைக்கு வந்தால், நான் டேப்பை வைத்தே முடிவெடுத்தேன். எட்டு மாதத்தில் எடை இரண்டே கிலோதான் குறைந்தது; பி.எம்.ஐ. 22.5இலிருந்து 21.8. முன்னதும் இயல்பு, பின்னதும் இயல்பு. இடுப்பு 88க்கு இறங்கியது, விகிதம் 0.52, எச்.பி.ஏ.1.சி. 5.8, பாதி என்ற கோட்டைத் தொட இன்னும் மூன்று செ.மீ. பாக்கி. இவ்வாண்டு அறிக்கையின் முதல் பக்கத்திலும் அதே பச்சை எழுத்து இருந்தது. இடுப்பளவுக்கென்று அதில் இன்னும் கட்டம் போடவில்லை. உயரத்துக்கும் எடைக்கும் பக்கத்து ஓரத்தில் பேனாவால் 88 என்று எழுதி வைத்தேன்.